ஆலய மலருக்குப் பழைய பாதிரியார் படம் தேடுகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

எங்கள் ஆலய வெஸ்ட்ரியில், அதாவது குருவானவர் ஆராதனைக்கு ஆயத்தமாகும் அறையில், கறுப்புச் சட்டம் போட்ட ஒரு படம் தொங்கும். மூன்று தலைமுறையாக அதை 'கோயில் கட்டின துரை' என்றே சொல்லி வந்தோம். பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அதற்கு மாலை போடுவதுகூட உண்டு. ஆலய ஆண்டு மலருக்குப் படம் சேகரிக்கும் வேலை என் தலையில் விழுந்தபோது, அட்டைக்கு அந்தப் படம் என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. தூசி தட்டுவதற்காகச் சட்டத்தைப் பிரித்தோம். ஓரத்து மவுண்ட் அட்டைக்குக் கீழே, அதுவரை யார் கண்ணிலும் படாத ஒரு வரி இருந்தது. படத்தில் இருந்தவர் கல்கத்தா பேராயர் ரெஜினால்ட் ஹீபர். அவர் 1826 ஏப்ரல் 3-ஆம் தேதி திருச்சியில் இறந்தவர். எங்கள் ஆலயம் இருக்கும் திருநெல்வேலிப் பக்கம் கால் வைத்ததே இல்லை.

சபையைக் கவனிக்கும் உபதேசியார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தம்பி, இத்தனை வருஷமா யாருக்கு மாலை போட்டோம்?" என்றார்.

அந்த நாளில் தொடங்கி மலர் கைக்கு வர 11 மாதம் ஆனது. அதில் பாதிக்கு மேல் நாங்களே இழுத்துவிட்டுக் கொண்ட தாமதம். உங்கள் ஊரிலும் நூற்றாண்டு மலர், நாள்காட்டி, கண்காட்சி என்று யாராவது உங்கள் கையில் ஒரு ஃபைலைத் திணித்திருந்தால், கீழே உள்ள வரிசையில் போங்கள். இருக்கும் வேலையே போதும், நாங்கள் பட்டதையும் சேர்த்து நீங்கள் படவேண்டாம்.

1. படத்தைத் தேடுமுன் மிஷனைக் கண்டுபிடியுங்கள்

எல்லாரும் கூகுளில் பெயரைப் போட்டுத்தான் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அது தப்பு. உங்கள் சபையை எந்த மிஷன் தொடங்கியது என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். அதைப் பொறுத்துத்தான் பழைய கடிதங்களும் வரைபடங்களும் உருவப்படங்களும் உலகத்தின் எந்த மூலையில் கிடக்கின்றன என்பது தெரியும்.

சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) சபை என்றால் ஆவணங்கள் இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் கேட்பரி ஆய்வு நூலகத்தில். இன்னொரு ஆங்கிலிக்கன் மிஷனான எஸ்.பி.ஜி. என்றால் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகம். லண்டன் மிஷனும் வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷனும் லண்டன் சோவாஸ் நூலகத்தில். மதுரையின் அமெரிக்கன் மிஷன் என்றால் ஹார்வர்டின் ஹூட்டன் நூலகம். தரங்கம்பாடி, தஞ்சாவூர் வழியாக வந்த பழைய லுத்தரன் சபைகளுக்கு ஜெர்மனியில் ஹால்லே நகரத்து ஃபிராங்கே நிறுவனம். கத்தோலிக்கப் பங்கு, அதுவும் இயேசு சபை வழி வந்தது என்றால் கொடைக்கானல் செண்பகனூரில் உள்ள மதுரை மாநில இயேசு சபை ஆவணக்காப்பகம். இது ஒன்றுதான் பஸ் ஏறிப் போகிற தூரம்.

எங்கள் ஊர் சி.எம்.எஸ். ஊர். பக்கத்து ஊரில் எஸ்.பி.ஜி. மிஷனரி கால்டுவெல் பெயரைச் சொல்லக் கேட்டு வளர்ந்ததால் நானாக எஸ்.பி.ஜி. என்று எண்ணிக்கொண்டு ஆக்ஸ்ஃபோர்டுக்கு எழுதினேன். ஐந்து வாரம் கழித்து, 'நீங்கள் கேட்கும் ஊர் எங்கள் பட்டியலில் இல்லை' என்று மரியாதையாகப் பதில் வந்தது. திருநெல்வேலியில் அடுத்தடுத்த கிராமமே வேறு வேறு மிஷனாக இருக்கும். ஆலயத்தின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து முதல் சில பக்கங்களைப் பாருங்கள். யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார், பெயருக்குப் பின்னால் என்ன மிஷன் எழுதியிருக்கிறது என்பது அங்கேயே இருக்கும். அரை மணி நேர வேலை. எனக்கு ஐந்து வாரம் போனது.

2. ஊரில் இருக்கும் படங்களைச் சட்டத்திலிருந்து பிரியுங்கள்

வெஸ்ட்ரி, பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் அறை, பழைய உபதேசியார் வீடு, ஆஸ்டல் சாப்பாட்டு மண்டபம் ஆகிய இடங்களில் சுவரில் இருப்பதை எல்லாம் எழுதி வையுங்கள். அப்புறம் சட்டம் போடும் கடைக்காரர் ஒருவரை ஆலயத்துக்கே வரச் சொல்லுங்கள். படத்தைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டாம். மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்துப் போய் ஒரு கண்ணாடியை நாங்கள் உடைத்தோம். மூன்று படத்தைப் பிரித்து, பூச்சி அரித்த பின்னட்டையை மாற்றி, கண்ணாடியும் போட 1,350 ரூபாய் ஆனது.

பிரித்ததும் பார்க்கவேண்டியது படத்தின் கீழ் விளிம்பு. செப்புத் தகட்டிலோ எஃகுத் தகட்டிலோ செதுக்கி அச்சடித்த படமாக இருந்தால், மயிரிழை எழுத்தில் இரண்டு பெயர் இருக்கும். இடது மூலையில் உள்ள பெயருக்குப் பின்னால் 'பின்க்ஸ்' என்று இருந்தால் அவர் மூல ஓவியத்தைத் தீட்டியவர். 'டெல்' என்றால் கோட்டோவியம் வரைந்தவர். வலது மூலையில் 'ஸ்கல்ப்' என்று இருந்தால் அதைப் பார்த்துத் தகட்டில் செதுக்கியவர். 'எக்ஸ்க்' என்று வந்தால் வெளியிட்டவர். எல்லாம் லத்தீன் சொற்களின் சுருக்கம். நடுவில் பெரும்பாலும் படத்தில் இருப்பவரின் பெயரும் பதவியும், அதற்கும் கீழே பதிப்பகத்தின் முகவரியும் வருடமும் இருக்கும். எங்கள் 'துரை'யின் பெயர் அங்கேதான் ஒளிந்திருந்தது. சட்டம் போட்டவர் அழகுக்காக அட்டை வைத்து மறைத்துவிட்டார்.

இந்த வரியைக் கைப்பேசியில் நெருக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள். பென்சிலில் யாராவது ஏதாவது கிறுக்கியிருப்பார்கள். பதிப்புரிமை, படக்குறிப்பு, ஓவியர் இறந்த வருடம் எல்லாவற்றுக்கும் இதுதான் ஆதாரம்.

ஒரு எச்சரிக்கை: கீழ் விளிம்பு அழுக்காக இருக்கிறது என்று யாரையும் வெட்ட விடாதீர்கள். பக்கத்துச் சேகரத்தில் (ஒரு குருவானவர் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதி) ஒரு நல்ல மனிதர் 'ஃபினிஷிங்' சரியாக வரட்டும் என்று கத்தரியால் நேராக்கிவிட்டார். படம் இருக்கிறது, யாருடையது என்று சொல்ல இப்போது ஒரு வழியும் இல்லை.

3. உடையைப் படியுங்கள்

பெயர் இல்லாத படம் கையில் இருந்தால் முகத்தைப் பார்க்காதீர்கள், துணியைப் பாருங்கள். பழைய ஓவியர்கள் முகத்தை ஏறக்குறைய வரைவார்கள், உடையில் அவ்வளவு விளையாடமாட்டார்கள். உடைதான் பதவி.

கழுத்தடியில் இரண்டு சின்ன வெள்ளைப் பட்டை தொங்கி, மேலே கறுப்பு அங்கி என்றால் 18, 19-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தச் சபை ஊழியர். லுத்தரனா ஆங்கிலிக்கனா என்று இதை மட்டும் வைத்துச் சொல்லமுடியாது. கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாகத் தட்டு மாதிரி வெள்ளைக் காலர் இருந்தால் டென்மார்க் அல்லது வடஜெர்மனி லுத்தரன் போதகர் என்று சந்தேகப்படலாம். தோளிலிருந்து மணிக்கட்டு வரை பலூன் மாதிரி ஊதிய வெள்ளைக் கை, அதன் மேல் கையில்லாத கறுப்பு மேலங்கி என்றால் ஆங்கிலிக்கன் பேராயர். எங்கள் சுவரில் இருந்தவருக்கு இந்தப் பலூன் கை இருந்தது. எங்கள் ஆலயத்தைக் கட்டியவர் சாகும்வரை பேராயர் ஆகவில்லை. துணியைப் பார்க்கத் தெரிந்திருந்தால் சட்டத்தைப் பிரிக்காமலே கண்டுபிடித்திருப்போம்.

கத்தோலிக்கத் துறவிகளில் இடுப்புக் கயிற்றில் மூன்று முடிச்சு இருந்தால் பிரான்சிஸ்கன். வெள்ளை உடைமேல் கறுப்புப் போர்வை என்றால் தொமினிக்கன். பழுப்பு உடைமேல் வெள்ளைப் போர்வை என்றால் கார்மேல் சபை. வெறும் கறுப்பு அங்கி, வேறு எந்த அலங்காரமும் இல்லை என்றால் இயேசு சபையாக இருக்கலாம். ஆனால் 1606-இல் மதுரைக்கு வந்த தெ நொபிலி இயேசு சபைக்காரர்தான் என்றாலும் சந்நியாசி போலக் காவி உடுத்தியவர். அவர் பெயரோடு ஐரோப்பியக் கறுப்பு அங்கிப் படம் வந்தால், எங்கிருந்து எடுத்தது என்று கேளுங்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் ஆயரா கர்தினாலா என்று குழப்பம் வந்தால் மூலையில் உள்ள சின்னத்தைப் பாருங்கள். அகன்ற தொப்பியின் இரு பக்கமும் குஞ்சம் தொங்கும். பக்கத்துக்கு 6 என்றால் ஆயர், 10 என்றால் பேராயர், 15 என்றால் கர்தினால் என்பது வழக்கம். 1832-க்கு முந்தைய படங்களில் இந்தக் கணக்கு முன்பின் இருக்கும், அதனால் இதை மட்டும் நம்பிப் பெயர் போடவேண்டாம்.

அப்புறம் ஒளிவட்டம். பிரான்சிஸ் சவேரியார் 1552-இல் இறந்தார், 1622-இல் புனிதர் பட்டம் பெற்றார். தலையைச் சுற்றி முழு ஒளிவட்டமும் பெயருக்கு முன்னால் புனிதர் என்ற குறியும் இருந்தால் படம் பெரும்பாலும் 1622-க்குப் பிந்தையது. 'சவேரியார் காலத்துப் படம்' என்று யாராவது கொண்டுவந்தால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

4. இணையத்தில் எங்கே தேடுவது, எப்படி இறக்குவது

இங்கே இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். இன்டர்நெட் ஆர்க்கைவில் 19-ஆம் நூற்றாண்டு மிஷன் புத்தகங்களும் பத்திரிகைகளும் முழுசாக இருக்கின்றன. சி.எம்.எஸ். சபைக்காரர்கள் 1841-இல் தொடங்கிய 'சர்ச் மிஷனரி கிளீனர்' இதழ்களைப் புரட்டுங்கள். திருநெல்வேலி ஆலயங்களின் மர அச்சுப் படங்கள் அதில் உண்டு. நியூயார்க் மெட் அருங்காட்சியகம் 2017 முதல் பதிப்புரிமை முடிந்த படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் தருகிறது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியமும் பெரிய அளவிலேயே இறக்கிக்கொள்ள விடும். ஐரோப்பியத் திருச்சபைப் படங்களுக்கு இந்த இரண்டே பாதி வேலையை முடித்துவிடும். புகைப்படம் வேண்டுமென்றால் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சர்வதேச மிஷன் புகைப்பட ஆவணக்காப்பகம்.

இறக்கும்போதுதான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். திரையில் தெரிவதை ஸ்க்ரீன்ஷாட் எடுக்காதீர்கள். விக்கிமீடியாவில் 'மூலக் கோப்பு' என்ற இணைப்பை அழுத்துங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவில் பி.டி.எஃப். வேண்டாம், 'ஜேபி2' என்று ஒரு பொதி இருக்கும், அதை எடுங்கள். பி.டி.எஃப்.-இல் செதுக்குப் படத்தின் கோடுகள் கரைந்து சாம்பல் பூசினது மாதிரி ஆகியிருக்கும்.

கணக்கு இது: அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். ஏ4 முழுப்பக்கம் என்றால் 2480-க்கு 3508 பிக்சல். அரைப்பக்கம் என்றால் 2480-க்கு 1754. இறக்கிய கோப்பு 640 பிக்சல் அகலம் என்றால் தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிதாகப் போடலாம், அவ்வளவுதான். டிடிபி ஆபரேட்டர் "இழுத்துப் பெருசாக்கிடலாம் சார்" என்பார். இழுத்தால் வரும், மூக்கு தெரியாது.

5. யாருடைய படம், யாரிடம் கேட்கவேண்டும்

இந்தியச் சட்டப்படி ஓவியத்துக்கும் செதுக்குப் படத்துக்கும் பதிப்புரிமை, படைத்தவர் இறந்த வருடம் முடிந்ததிலிருந்து 60 வருடம். 1960-இல் இறந்த ஓவியரின் படம் 2021 ஜனவரி 1 முதல் எல்லாருக்கும் பொது. ஆகவே 18, 19-ஆம் நூற்றாண்டுச் செதுக்குப் படங்களில் மூலப் படைப்புக்கு உரிமைச் சிக்கல் கிடையாது. சிக்கல் வருவது, அதை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் நிறுவனம் என்ன நிபந்தனை போட்டிருக்கிறது என்பதில்.

ஆலய மலர் போடுகிற எல்லாரும் விழுகிற குழி இங்கேதான் இருக்கிறது. பல அருங்காட்சியகங்கள் 'வணிகமல்லாத பயன்பாட்டுக்கு இலவசம்' என்கின்றன. பிரிட்டிஷ் மியூசியம் தளத்தில் உள்ள படங்கள் அப்படித்தான். நாம் என்ன நினைப்போம்? கோயில் மலர்தானே, வியாபாரமா என்று. ஆனால் உங்கள் மலரின் கடைசி 40 பக்கத்தை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். பாத்திரக்கடை, ஜவுளிக்கடை, சிமெண்ட் ஏஜென்சி, 'வாழ்த்துகளுடன்' என்று குடும்பப் படம். விளம்பரமும் விலையும் இருந்தால் அதை வணிகப் பயன்பாடு என்று எடுத்துக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. நாங்கள் இதை மறைக்காமல் எழுதிக் கேட்டோம். ஓர் இடத்தில் விளம்பரம் இருப்பதால் கட்டணம் உண்டு என்றார்கள். இன்னோர் இடத்தில் 1,000 பிரதிக்கு மேல் போகாவிட்டால் கட்டணம் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். கேட்காமல் போட்டிருந்தால் இரண்டும் தெரிந்திருக்காது.

இன்னொரு குழி, படம் விற்கும் ஏஜென்சிகள். 200 வருடத்துக்கு முந்தைய செதுக்குப் படத்தை நீர்க்குறி போட்டு, டாலரில் விலை சொல்வார்கள். அதே படம் வேறொரு நூலகத்தில் இலவசமாக இருக்கும். கூகுள் லென்ஸ், டின்ஐ என்ற இரண்டு படத் தேடல் கருவிகளிலும் படத்தைக் கொடுத்துத் தேடிப் பாருங்கள். எங்கள் கமிட்டியில் ஒருவர் அவசரப்பட்டு 3,900 ரூபாய் கட்டி ஒரு படம் வாங்கினார். மறுநாள் அதையே அதைவிடத் தெளிவாக மெட் தளத்தில் பார்த்தோம். அவரிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

பழைய புகைப்படங்கள் வேறு கதை. 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்கும் எடுத்தவரின் ஆயுளையே கணக்கில் எடுக்கிறார்கள். 1950, 60-களில் ஊர் ஸ்டூடியோக்காரர் எடுத்த படம் என்றால் அவர் குடும்பத்தில் ஒருவரிடம் ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். ஒரு பிரதி கொடுத்தால் சந்தோஷமாகத் தருவார்கள்.

6. கடிதமும் காகிதங்களும்

ஆவணக்காப்பகத்துக்கு உங்கள் சொந்த மெயிலிலிருந்து 'டியர் சார், படம் வேண்டும்' என்று எழுதினால் பதில் வரும், ஆனால் கேள்வியாக வரும். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு வாரம் போகும். எல்லாவற்றையும் முதல் கடிதத்திலேயே வைத்துவிடுங்கள்.

எங்களுக்குத் தேவைப்பட்டவை: சேகரகுரு லெட்டர்ஹெட்டில் கையெழுத்தும் முத்திரையும் போட்ட கோரிக்கைக் கடிதம், படம் சேகரிக்க இன்னாரை நியமித்தோம் என்ற சேகரக் கமிட்டித் தீர்மான நகல், என் அடையாள அட்டை நகல். கடிதத்தில் படத்தின் பெயர், நிறுவனத்தின் அடுக்கு எண் (அவர்கள் பட்டியலில் அந்தப் படத்துக்கு உள்ள எண்), மலரின் மொழி, எத்தனை பிரதி, விலை, விளம்பரம் உண்டா, அட்டையா உள்பக்கமா, முழுப்பக்கமா அரைப்பக்கமா, இணையத்தில் போடுவீர்களா. இதில் அடுக்கு எண்தான் முக்கியம். அது இல்லாமல் 'உங்களிடம் உள்ள மிஷனரி ரேனியஸ் படம்' என்று எழுதினால் அவர்கள் தேடும் நேரத்துக்கும் கட்டணம் போட வாய்ப்புண்டு. தளத்தில் தேடி எண்ணை எடுத்து எழுதுங்கள்.

ஒரு வெளிநாட்டுக் காப்பகத்துக்கு இரண்டு படத்துக்கு நகல் கட்டணமும் வெளியீட்டுக் கட்டணமும் சேர்த்து 6,200 ரூபாய் சொச்சம் ஆனது. கார்டில்தான் வாங்குவோம் என்றார்கள். ஆலயக் கணக்கில் கார்டே இல்லை, என் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பூட்டிக் கிடந்தது. வங்கி ஆப்பில் அதைத் திறந்துவிட வேண்டும். பில்லை ஆலயத்தின் பெயரில் கேட்டு வாங்குங்கள். என் பெயரில் வந்த பில்லை ஆடிட்டர் ஒப்புக்கொள்ள இரண்டு மாதம் நடந்தேன்.

உள்ளூரில் வேறு ஆலயத்துக்குள் போய்ப் படம் எடுக்க வேண்டுமென்றாலும் இதே கடிதம் வேண்டும். அங்குள்ள குருவானவருக்கு முன்கூட்டியே போன் செய்து, ஆராதனை இல்லாத நாளாகக் கேளுங்கள். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயத்துக்குப் போவதென்றால் அது தலைமைச் செயலக வளாகம். வாசலில் சோதனை உண்டு. அடையாள அட்டை இல்லாமல், கேமரா முக்காலியையும் விளக்கையும் தோளில் போட்டுக்கொண்டு போய் நின்றால் என்ன நடக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

7. சலவைக்கல்லும் பழைய அச்சும்

சலவைக்கல் நினைவுச் சின்னத்தைப் படம் எடுக்கும்போது ஃபிளாஷ் போடாதீர்கள். நேர் வெளிச்சத்தில் புடைப்புச் சிற்பம் தட்டையாகிவிடும், முகங்கள் சுண்ணாம்பு பூசின மாதிரி வரும். டியூப்லைட்டை அணைத்துவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விளக்கு வைத்துப் பாருங்கள். மூக்கும் விரலும் நிழல் விழுந்து எழும்பி வரும். காலை நேரத்தில் பக்கத்து ஜன்னல் ஒன்றை மட்டும் திறந்து வைத்தாலே சில ஆலயங்களில் போதும்.

பழைய மலரிலிருந்தோ பத்திரிகையிலிருந்தோ படத்தை ஸ்கேன் செய்தால், புள்ளிப் புள்ளியாக அச்சடித்தது மறுபடி அச்சில் கொசுவலை மாதிரி கோலம் போடும். ஸ்கேனரில் 'டீஸ்க்ரீன்' என்ற வசதியைப் போட்டு 600 புள்ளியில் எடுங்கள். செதுக்குப் படத்துக்கு அது வேண்டாம். அதில் இருப்பது புள்ளி இல்லை, கோடு.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். 'டாக்குமெண்ட்' என்று அனுப்பச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் இதைப் பத்துத் தடவையாவது சொல்லவேண்டி வரும்.

முகத்தைத் தெளிவாக்கும் ஆப்களைத் தொடவே தொடாதீர்கள். எங்கள் இளைஞர் ஐக்கியத்துப் பையன் ஒருவன் ஆசையாகச் செய்து கொண்டுவந்தான். போதகர் முகம் சினிமா நடிகர் மாதிரி பளபளத்தது. கழுத்தடியில் இருந்த இரண்டு வெள்ளைப் பட்டையை அந்த ஆப் டையாக மாற்றிவிட்டது! 1830-இல் டை கட்டிய மிஷனரி.

8. படக்குறிப்பு எழுதும்போது

மலரில் மானம் போவது இங்கேதான். ஒரு படம் எப்போது வரைந்தது, யார் வரைந்தார், அவர் பார்த்து வரைந்தாரா கேட்டு வரைந்தாரா என்பது தெரியாமல் குறிப்பு எழுதாதீர்கள்.

இதைப் புரிந்துகொள்ள ஒரே ஆள், ஒரே மரணம், இரண்டு சிற்பம் போதும். தஞ்சாவூரில் ஊழியம் செய்த சுவார்ட்ஸ் ஐயர் 1798 பிப்ரவரி 13-ஆம் தேதி இறந்தார். தஞ்சாவூரில் அவர் கட்டிய ஆலயத்தில் தஞ்சை அரச குடும்பத்துச் சரபோஜி வைத்த சலவைக்கல் இருக்கிறது. லண்டனில் ஜான் ஃபிளாக்ஸ்மன் செதுக்கியது. அதில் படுக்கையில் இருக்கும் சுவார்ட்ஸின் பக்கத்தில் சரபோஜி நிற்கிறார், சக மிஷனரி கெரிக்கே ஐயர் தலைமாட்டில் இருக்கிறார், பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வைத்தது இன்னொன்று, இளைய ஜான் பேக்கன் செதுக்கியது. அதில் ராஜா இல்லை. மேகத்தின்மேல் தேவதூதன் சிலுவையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறான், சுவார்ட்ஸ் அவனை நோக்கிக் கையை உயர்த்துகிறார், ஒரு பிள்ளை அவர் மற்றக் கையைப் பிடித்திருக்கிறது. காசு கொடுத்தவர் வேறு, காட்சியும் வேறு. இரண்டையும் செதுக்கியது இங்கிலாந்தில், தஞ்சாவூரில் அல்ல. 'சுவார்ட்ஸ் ஐயர் மரித்த காட்சி' என்று இதில் ஒன்றின் கீழே போட்டால், இன்னொன்றைப் பார்த்தவர் சிரிப்பார். 'சரபோஜி வைத்த நினைவுச் சின்னத்தில் சுவார்ட்ஸ் ஐயரின் மரணப் படுக்கை' என்று போடுங்கள். அப்படியே 'மன்னர் சரபோஜி' என்று எழுதுமுன் நாளைப் பாருங்கள். அவர் அரியணை ஏறியது 1798 ஜூனில். சுவார்ட்ஸ் இருக்கும்வரை அவர் இளவரசர்தான்.

இதேபோல இன்னொன்று. புனித ஜெரோமை ஐரோப்பிய ஓவியங்களில் சிவப்புத் தொப்பியோடு கர்தினாலாகத்தான் பார்ப்பீர்கள், காலடியில் சிங்கமும் இருக்கும். அவர் இறந்தது 420-இல். கர்தினால்களுக்குச் சிவப்புத் தொப்பி கொடுத்தது 1245-இல். ஓவியர்கள் தங்கள் காலத்து மரியாதையைப் பழைய ஆளுக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மறைக்கல்வி வகுப்பு மலரில் 'கர்தினால் ஜெரோம்' என்று ஒருவர் எழுதியதைப் பார்த்ததால் இதைச் சொல்கிறேன்.

'பேராயர்' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபை) ஒரு திருமண்டலத்தின் தலைவர் பேராயர். கத்தோலிக்க வழக்கில் அவருக்குச் சமமானவர் ஆயர், பேராயர் என்றால் அதற்கு மேலே. இரண்டு சபைக்காரர்களும் படிக்கப்போகும் மலர் என்றால் படத்தில் இருப்பவருக்கு அவரவர் சபையின் சொல்லையே போடுங்கள்.

இடவலம் மாறியிருக்கிறதே என்று படத்தைத் திருப்பிவிடாதீர்கள். ஆயர் வலக்கையால் ஆசீர்வதிப்பார், செங்கோல் இடக்கையில் இருக்கும். செதுக்குப் படத்தில் இது தலைகீழாக இருந்தால் லேஅவுட்காரர் தவறு என்று திருத்தப் பார்ப்பார். தகட்டில் உள்ளது காகிதத்தில் கண்ணாடிப் பிம்பமாக விழும் என்பதால் மூல ஓவியத்துக்கு எதிர்ப்பக்கமாக வந்த செதுக்குப் படங்கள் நிறைய உண்டு. விட்டுவிடுங்கள். கீழே எழுத்து இருந்து அதுவும் இடவலம் மாறியிருந்தால் மட்டும் திருப்புங்கள்.

லண்டன் செதுக்குநர்களின் மரம் செடிகளையும் நம்பவேண்டாம். எங்களுக்குக் கிடைத்த ஒரு மர அச்சில் எங்கள் ஆலயத்தைச் சுற்றித் தென்னந்தோப்பு. தேரிக்காட்டில் ஏது தென்னை? பனையைத் தென்னையாக்கிவிட்டார்கள். அதைப் படக்குறிப்பிலேயே எழுதினோம். ஊர்ப் பெரியவர்கள் மலரிலேயே அந்த வரியைத்தான் ரசித்துப் படித்தார்கள்.

9. பிரஸ்ஸும் காலமும்

படம் வரும் பக்கங்களை மட்டும் ஆர்ட் பேப்பரில் ஒரே ஃபாரமாக (ஒன்றாக அச்சாகும் பக்கத் தொகுப்பு) சேர்த்துவிடுங்கள். மீதியை மேப்லித்தோ என்ற பூச்சில்லாத தாளில் அடிக்கலாம். மேப்லித்தோ மையை உறிஞ்சும், செதுக்குப் படத்தின் மெல்லிய கோடுகள் தடித்துத் தாடையெல்லாம் கறுப்பாகிவிடும். நாங்கள் எல்லாப் படத்தையும் 16 பக்கத்துக்குள் அடக்கியதால் 1,000 பிரதிக்கு நினைத்ததைவிட அதிகம் செலவாகவில்லை. பிளேட் போடுமுன் தாளில் அடித்த புரூஃபைப் பாருங்கள். கைப்பேசித் திரையில் பார்த்துத் 'ஓகே' சொல்லவேண்டாம்.

நாள்காட்டி என்றால் இன்னும் முந்துங்கள். சிவகாசியில் அடுத்த ஆண்டு நாள்காட்டி மாதிரிகள் ஆடிப்பெருக்கோடு வந்துவிடும். ஐப்பசியில் படத்தைத் தூக்கிக்கொண்டு போனால், "தீபாவளி கழிச்சு வாங்க" என்பார்கள், அப்புறம் கிறிஸ்துமஸ் ஆகிவிடும்.

மலருக்குப் பண்டிகை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அச்சுக்கும் கட்டுக்கும் ஒரு மாதம். லேஅவுட்டும் திருத்தமும் இரண்டு மாதம், ஏனென்றால் ஐயரவாள் முதல் பெண்கள் குழு அக்கா வரை எல்லாரும் பார்த்துத்தான் ஆகவேண்டும். வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்துக்கு மூன்று மாதம் வையுங்கள். ஐரோப்பாவில் ஆகஸ்டும் கிறிஸ்துமஸ் சமயமும் விடுமுறைக் காலம், பதிலை எதிர்பார்க்காதீர்கள். அதற்கு முன்னால் பதிவேடு, சட்டம் பிரித்தல், பட்டியல் எல்லாவற்றுக்கும் இரண்டு மாதம். ஆக 8 மாதம். கமிட்டியில் 'மூணு மாசம் போதும்' என்பவரிடமே வெளிநாட்டுக் கடிதத்தை எழுதச் சொல்லுங்கள்.

மலர் வந்ததும் படம் கொடுத்த ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு பிரதி அனுப்பவேண்டும். பலர் அதை நிபந்தனையாகவே போடுவார்கள். ரசீது தரும் தபாலில் அனுப்பி அந்த ரசீதை ஃபைலில் வையுங்கள். அதே ஃபைலில் அனுமதி மெயில்களின் அச்சு, பில்கள், மூலக் கோப்புகள் உள்ள பென் டிரைவ், எந்தப் படம் எங்கிருந்து என்ற ஒரு தாள். ஃபைலை வெஸ்ட்ரி பீரோவில் பூட்டி, சாவி யாரிடம் என்று கமிட்டி மினிட்டில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் ஹீபர் ஐயர் இப்போது தம் பெயர் தெரிகிற மாதிரி மவுண்ட் போட்டு, அதே ஆணியில்தான் தொங்குகிறார். போன பண்டிகைக்கும் மாலை போட்டார்கள்.